‘பிக் ஸ்கை’: மூலப் பாடலை அதன் ரீமிக்ஸ் விழுங்கிவிட்டதா?

சுழல்தட்டு

அயர்லாந்தின் இசையமைப்பாளர் ஜான் ஓ'காலஹன் 2007ஆம் ஆண்டு ஆட்ரி கேலகரின் குரலில் வெளியிட்ட ‘பிக் ஸ்கை’ பாடலைப் பற்றி நிதானமாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஓ'காலஹனின் முதல் ஆல்பமான ‘சம்திங் டு லிவ் ஃபார்’ வந்ததும் அதே ஆண்டுதான். டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை வகையைக் கேட்பவர்களிடம் இந்தப் பாடலைக் குறிப்பிட்டால், அவர்கள் மனத்தில் ஒலிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஓ'காலஹன் உருவாக்கிய மூல வடிவம் அல்ல. வட அயர்லாந்தைச் சேர்ந்த அக்னெல்லி - நெல்சன் இருவர் குழு செய்த ரீமிக்ஸ், அதாவது மறு ஆக்க வடிவம்தான். பாடலைக் கேட்டவர்களில் பலருக்கு வேறொரு வடிவம் இருப்பதே தெரியாது என்று சொன்னாலும் தவறில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ரீமிக்ஸ் நடன அரங்குக்கு ஏற்றதாக இருந்தது என்பது. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை, ஏனெனில் ஓ'காலஹனும் அரங்குக்காகவே இசையமைப்பவர். என் கருத்து வேறு. அக்னெல்லியும் நெல்சனும் ஆட்ரி கேலகரின் குரலை இந்த ரீமிக்ஸில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள் என்று நினைப்பது தவறு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ‘ஹோல்டிங் ஆன்டு நத்திங்’ என்ற அவர்களது சொந்தப் பாடலை, ஆரியஸ் என்ற புனைபெயரில் பாடியவர் அவரேதான். அந்தக் குரல் எந்த இடத்தில் மெலியும், எந்தச் சொல்லில் இறுகும், அதற்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விட்டால் அது பெரிதாகத் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே பழகியிருந்தது. ரீமிக்ஸின் வெற்றி அந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்பதே என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம், காரணத்தோடு மறுத்தால் மகிழ்ச்சி.

வடகடல்

அக்னெல்லி - நெல்சன் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. கிறிஸ் அக்னியூ, ராபி நெல்சன் என்ற இருவரின் கூட்டுப் பெயர் அது. 1998இல் வந்த ‘எல் நினோ’ பிரிட்டன் தரவரிசையில் 21ஆம் இடத்தையும், 1999இல் வந்த ‘எவ்ரிடே’ 17ஆம் இடத்தையும் எட்டின. இரண்டும் அலெக்ஸ் கோல்டு நடத்திய எக்ஸ்ட்ராவகான்சா நிறுவனத்தின் வெளியீடுகள். 2000இல் ‘ஹட்சன் ஸ்ட்ரீட்’ என்ற ஆல்பம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களுடைய சொந்தப் பாடல்களே பிறரது ரீமிக்ஸ் வழியாகத்தான் பரவின. ‘எல் நினோ’வுக்கு மாட் டேரி செய்த வடிவமும், ‘எவ்ரிடே’க்கு லேஞ்ச் செய்த வடிவமும் அந்தக் காலத்து டிஜேக்களின் பெட்டியில் கட்டாயம் இருந்தவை. தங்கள் பாடலை இன்னொருவர் திறந்து வேறுவிதமாக மூடுவதைப் பல ஆண்டுகள் பார்த்திருந்தவர்கள், 2007இல் அதே வேலையைப் பிறர் பாடலுக்குச் செய்தார்கள். சுழல்தட்டு சொன்ன குரல் பழக்கத்தோடு இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வளர்ந்த சூழலையும் மறக்கக் கூடாது. வட அயர்லாந்தின் வடக்குக் கடற்கரையில் போர்ட்ரஷ் என்ற சிறிய சுற்றுலா ஊர் இருக்கிறது. அங்குள்ள கெல்லிஸ் வளாகத்தில் ‘லஷ்’ என்ற பெயரில் நடந்த சனிக்கிழமை இரவுகளுக்கு உலகின் முன்னணி டிஜேக்கள் வந்து போனார்கள். உள்ளூர் டிஜேயான கோல் ஹாமில்டன் அங்கே நிரந்தரமாக வாசித்தார். பெரிய நகரம் எதுவும் அருகில் இல்லாத ஒரு கடற்கரையில் டிரான்ஸ் இசைக்கு இப்படி ஓர் அரங்கம் நிலைத்திருந்தது வியப்பானதே.

ஐயப்பாடு

இருவர் சொல்வதும் சுவையாக இருக்கிறது; ஆனால் அயர்லாந்து என்ற அடைமொழிக்கு இங்கே தேவைக்கு மேல் எடை கொடுக்கப்படுகிறது என்பது என் எண்ணம். பாடலை வெளியிட்ட சவுண்ட்பியர்சிங், 2003இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு டிஜே ஆர்மின் வான் ப்யூரனும் அவரது கூட்டாளிகளும் தொடங்கிய ஆர்மாடா நிறுவனத்தின் கிளைப் பெயர். பாடலை உலகெங்கும் கொண்டுபோனது ஆர்மினின் ‘எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்’ போன்ற வாராந்திர வானொலி நிகழ்ச்சிகள். அக்காலத்தில் டிரான்ஸ் இசையின் சந்தை, விளம்பரம், விநியோகம் ஆகியவற்றில் பெரும்பகுதி நெதர்லாந்தில் குவிந்திருந்தது. அப்படியிருக்கப் படைத்தவர்களின் ஊரை மட்டும் வைத்து ஒரு பாடலை விளக்க முடியுமா?

சுழல்தட்டுவின் குரல் பழக்க வாதத்துக்கும் ஒரு நேரடி மறுப்பு இருக்கிறது. அதே ஓ'காலஹன் தம் அடுத்த ஆல்பமான 2009ஆம் ஆண்டின் ‘நெவர் ஃபேட் அவே’யில் வேல்ஸ் பாடகி சாரா ஹோவல்ஸுடன் ‘ஃபைண்டு யுவர்செல்ஃப்’ என்ற பாடலைச் செய்தார். அதற்கும் இதே கதிதான். பலருக்கும் பிடித்துப்போனது காஸ்மிக் கேட் செய்த ரீமிக்ஸ். காஸ்மிக் கேட் குழுவினர் ஜெர்மானியர்கள். ஒரே படைப்பாளியின் இரண்டு பாடல்களுக்கு இது நேர்ந்திருக்கிறது என்றால், காரணத்தை ரீமிக்ஸ் செய்தவர்களிடம் தேடாமல் ஓ'காலஹனிடமே தேடுவதுதான் பொருத்தம். அவரது மெட்டுகள் மற்றவர்களின் கையில் மலர்கின்றன என்று ஏன் சொல்லக் கூடாது?

சுழல்தட்டு

ஐயப்பாடு அவர்களின் கேள்வி கூர்மையானது. ‘ஃபைண்டு யுவர்செல்ஃப்’ ரீமிக்ஸைக் கேட்டால் காஸ்மிக் கேட் குழுவினர் அந்தப் பாடலைத் தங்கள் ஒலி உலகத்துக்குள் இழுத்துக்கொண்டது தெரியும். பேஸ் என்ற தாழ்சுர ஒலியிலும் சின்தசைசர் மெட்டிலும் அவர்களது முத்திரை குரலுக்கு முன்பே வந்து நிற்கிறது. அது நல்ல ரீமிக்ஸ். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறொரு பாடகி இருந்திருந்தாலும் அது ஏறத்தாழ அதே அளவு வேலை செய்திருக்கும்.

‘பிக் ஸ்கை’யின் அக்னெல்லி - நெல்சன் வடிவத்தில் எனக்குக் கேட்பது நேர்மாறானது. குரல் முடிந்த பிறகு வருகிற சின்தசைசர் மெட்டு, குரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அது ஏறிய உயரத்துக்கே ஏறுகிறது. குரலை எடுத்துவிட்டு அந்த மெட்டை மட்டும் கேட்டால் ஏதோ ஒரு பக்கம் இழந்ததுபோல் இருக்கும். இரண்டு ரீமிக்ஸ்களும் மூலத்தைத் தாண்டிப் புகழ் பெற்றன என்பது உண்மை. அவை தாண்டிய வழிகள் வெவ்வேறு. முடிவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லையே.

ஒலிக்கூடம்

ரீமிக்ஸ் எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் இந்த விவாதம் காற்றில் மிதக்காமல் இருக்கும். நிறுவனம் ரீமிக்ஸ் செய்பவருக்குப் பாடலின் தடங்களைத் தனித்தனியாக அனுப்பும்: குரல் ஒன்று, பேஸ் ஒன்று, சின்தசைசர்கள் சில, தாளம் தனி. டிரான்ஸ் இசையில் பெரும்பாலும் குரல் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகவே செய்துவிடுவார்கள். ஆக ரீமிக்ஸ் என்று நாம் அழைப்பது பல நேரங்களில் அதே குரலுக்கு எழுதப்பட்ட வேறொரு பாடல்.

அந்த எழுத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. டிஜே ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு நழுவ வேண்டும் என்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் மெட்டு இல்லாத தாளப் பகுதி தேவைப்படும். அலகு எப்போதும் 8, 16, 32 பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) என்றே போகும். நிமிடத்துக்கு 138 அடிகள் என்ற வேகத்தில் 32 பார் என்பது ஏறத்தாழ 56 விநாடி. ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட எதுவுமே நடக்காமல் கேட்பவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்; ஹை-ஹாட் என்ற சிறு தாள ஒலி ஒன்றைச் சேர்ப்பது, ஒலியை வடிகட்டும் ஃபில்டரை மெல்லத் திறப்பது, பேஸில் ஒரு சுரத்தை நகர்த்துவது என்று சின்னச் சின்ன வேலைகளால்தான் அது நடக்கும். இதில் தேறாதவர்கள் டிரான்ஸ் செய்யவே முடியாது.

அதன் பிறகு வருவது பிரேக்டவுன். கிக் என்ற அடித்தாளம் நின்றுவிடும், பேஸ் விலகும், குரலும் விரிந்த சுரக்கூட்டங்களும் மட்டும் இருக்கும். பிறகு ஒலி படிப்படியாக அடர்ந்து, கிக் திரும்பும்போது பெரிய மெட்டு வெடிக்கும். அந்த மெட்டுக்குப் பலரும் நாடும் ‘சூப்பர்சா’ ஒலி, ரோலண்டு நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஜேபி-8000 கருவியிலிருந்து பரவியது. ஏழு ரம்ப அலைகளைச் சற்றே சுருதி விலக்கி ஒன்றாக ஒலிக்க விட்டால் கிடைக்கும் அந்த அகலம் காதை நிரப்பிவிடும். குறையும் அதுதான், ஏனெனில் குரல் நிற்க இடம் இருக்காது. குரலும் பெரிய மெட்டும் ஒரே நேரத்தில் ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது இந்த வகையில் வழக்கமாகிப்போனதற்கு அழகியலோடு அலைவரிசை நெருக்கடியும் காரணம்.

இப்போது ஆட்ரி கேலகரின் குரலுக்கு வருகிறேன். அவர் நடன இசையில் பயிற்சி பெற்று வந்தவர் அல்லர். வட அயர்லாந்தின் ஷியர் என்ற ராக் குழுவில் பாடியவர். அந்தக் குழுவின் ‘இன்ஃப்ளிக்‌ஷன்’ ஆல்பம் 1996இல் 4ஏடி நிறுவனத்தில் வந்தது. கனவு போன்ற மென்மையான ஒலிக்குப் பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனத்துக்கு ஷியரின் கனத்த கிட்டார்கள் சற்று அந்நியமானவை. அத்தகைய கிட்டார் சுவருக்கு மேல் எழுந்து பாடிப் பழகிய குரலுக்குத் தன்னைச் சுற்றி ஒலி அடர்ந்தால் அச்சம் இல்லை. டிரான்ஸ் பாடகிகள் பலரிடம் கேட்கும் மூச்சுக் கலந்த, எடையற்ற பாணி அவரிடம் இல்லை. சொற்களுக்கு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பை மழுங்கடிக்காமல், எதிரொலியை அளவோடு வைத்தது ரீமிக்ஸின் முக்கியமான தீர்மானம் என்று எண்ணுகிறேன். சுழல்தட்டு சொல்லும் பழக்கம் என்பதை நான் இந்தத் தொழில்நுட்பத் தீர்மானங்களில்தான் காண்கிறேன்.

மரகதம்

மூல வடிவத்துக்காக ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் ரீமிக்ஸைப் புகழ்வதில் ஒரு மறைமுகமான அளவுகோல் இருக்கிறது: பிரேக்டவுனில் மெய்சிலிர்த்தால் பாடல் வென்றது, இல்லையேல் தோற்றது. இந்த அளவுகோலே டிரான்ஸ் இசையை ஒரே வார்ப்பில் அடைத்தது. ஓ'காலஹனின் மூல வடிவத்தில் குரல் தாளத்தோடு சேர்ந்தே நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அது கேட்பவரை ஓர் உச்சிக்கு ஏற்றி நிறுத்திக் கைதட்டல் கேட்பதில்லை. ஆல்பத்தின் நடுவே, முன்னும் பின்னும் உள்ள பாடல்களோடு சேர்த்துக் கேட்டால் அதன் அடக்கம் புரியும். தனிப் பாடலாக எடுத்து ரீமிக்ஸின் பக்கத்தில் வைத்தால் அது சிறியதாகத்தான் தெரியும், ஏனெனில் அது அந்தப் போட்டிக்காகச் செய்யப்பட்டதே அன்று.

மேலும், ரீமிக்ஸ் இவ்வளவு புகழ் பெற்றதால் ஒரு விளைவும் உண்டு. பாடலை எழுதியவரின் முடிவுகள் எவை, பின்னால் வந்தவர்களின் முடிவுகள் எவை என்று பிரித்தறியும் பழக்கம் கேட்பவர்களிடம் இல்லாமல் போகிறது. மெட்டின் முதல் வரி யாருடையது என்று கேட்டால் பலர் தவறாகவே சொல்வார்கள்.

ஐயப்பாடு

மரகதம் அவர்கள் தொட்ட இடம்தான் உண்மையில் பணம் புழங்கும் இடமும். பொதுவான நடைமுறையில் ரீமிக்ஸ் செய்பவருக்கு ஒருமுறை ஊதியம் தரப்படும்; பாடலாக்க உரிமையில் பங்கு பொதுவாகக் கிடைப்பதில்லை. புதிய மெட்டு எழுதியிருந்தாலும் அப்படித்தான். வேறொருவர் வெட்டிக் கொடுத்த துணியில் சட்டை தைப்பவருக்குத் தையற்கூலி மட்டும் கிடைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எனவே ‘பிக் ஸ்கை’ வானொலியில் ஒலிக்கும்போது அது எந்த வடிவமாக இருந்தாலும் பாடலாக்க உரிமைத் தொகை எழுதியவர்கள் பக்கமே போகும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. அப்படியானால் யார் யாரை விழுங்கியது என்ற இந்த இழையின் தலைப்பையே திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

இதில் அயர்லாந்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குடியரசுப் பகுதியில் இசை நிகழ்த்துரிமையை இம்ரோ அமைப்பு கவனிக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி என்பதால் அங்கே பிஆர்எஸ் அமைப்பு. டப்ளின் கிளப்பில் ஒலித்தால் ஓர் அமைப்பு, பெல்ஃபாஸ்ட் கிளப்பில் ஒலித்தால் இன்னொன்று. இரண்டு நகரங்களுக்கும் இடையே இரண்டு மணி நேரச் சாலைப் பயணம்தான்.

வடகடல்

அந்த இரண்டு மணி நேரச் சாலையைத்தான் நான் பேச நினைத்தேன். ஐயப்பாடு முதலில் கேட்டாரே, ஊரை வைத்து விளக்க முடியுமா என்று. வெளியிட்ட நிறுவனம் டச்சு நிறுவனம் என்பது சரி. ஆனால் பாடல் எழுந்த விதத்தைப் பாருங்கள்: எழுதியவர் அயர்லாந்துக்காரர், பாடியவர் வட அயர்லாந்தின் ராக் குழுவிலிருந்து வந்தவர், ரீமிக்ஸ் செய்தவர்கள் அதே வட அயர்லாந்தில் அவரோடு முன்பே பணியாற்றியவர்கள். ஆம்ஸ்டர்டாம் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பட்டியலைப் பார்த்து இவர்களைச் சேர்த்து வைத்திருந்தால்கூட, சேர்ந்த பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கேட்ட விதம் அந்தப் பட்டியலில் இல்லாதது.

இதற்கு எதிர் உதாரணமாக 1999ஆம் ஆண்டின் ‘சால்ட்வாட்டர்’ பாடலை எடுத்துக்கொள்ளலாம். சிகேன் என்ற பெயரில் இசையமைக்கும் ஆங்கிலேயர் நிக் பிரேஸ்கர்டில், டோனகல் மாவட்டக் குழுவான கிளானாட் 1982இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குச் செய்த ‘ஹாரிஸ் கேம்’ முகப்பிசையை அடிப்படையாகக் கொண்டு, அதே குழுவின் மோயா பிரென்னன் குரலோடு அதை உருவாக்கினார். பிரிட்டன் தரவரிசையில் அது 6ஆம் இடம் வரை சென்றது. அதை வெளியிட்டதும் எக்ஸ்ட்ராவகான்சாதான். கேட்க இனிமையான பாடல். ஆனால் அதில் அயர்லாந்து தொலைவிலிருந்து பார்க்கப்படும் மூடுபனி நிலக்காட்சியாக இருக்கிறது. ‘பிக் ஸ்கை’யில் அப்படி எதுவும் இல்லை: கேலிக் சொற்கள் இல்லை, குழலிசை இல்லை, பாரம்பரியத்தின் அடையாளம் என்று சுட்டக்கூடியது எதுவும் இல்லை. அங்கிருப்பவர்கள் சனிக்கிழமை இரவு உண்மையில் கேட்ட இசையை அங்கிருப்பவர்களே செய்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இதுவே கூடுதலாக அயர்லாந்தின் இசையாகத் தோன்றுகிறது.

அந்தத் தொடர்ச்சி அறுபடவும் இல்லை. ஓ'காலஹன் பின்னாளில் டப்ளின்காரரான பிரையன் கியர்னியுடன் இணைந்து கீ4050 என்ற பெயரில் இயங்கினார். 2018இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்கு ‘டேல்ஸ் ஃப்ரம் த டெம்பிள்’ என்று பெயர். டப்ளினின் ஹார்ட்விக் பிளேஸில், கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன் வடிவமைத்த பழைய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குள் இயங்கிய டெம்பிள் தியேட்டர் என்ற நடன அரங்கத்தை நினைவுகூரும் தலைப்பு அது. தாங்கள் இசை கேட்டு வளர்ந்த கட்டடத்தின் பெயரையே ஆல்பத்துக்கு வைப்பவர்களிடம் ஊருக்கு எடை இல்லை என்று சொல்வது கடினம்.

ஐயப்பாடு

ஊர் முக்கியம் என்பதற்கும் ஊருக்கென ஓர் ஒலி இருக்கிறது என்பதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெல்ஃபாஸ்ட் பக்கத்து டிரான்ஸ் இசையமைப்பாளர் சைமன் பேட்டர்சனின் 2008 காலத்து முரட்டு பேஸையும், அக்னெல்லி - நெல்சனின் இசை ஓட்டத்தையும், கீ4050இன் வேகத்தையும் பெயர் மறைத்து வாசித்துக் காட்டினால், இவை ஒரே தீவைச் சேர்ந்தவை என்று யாரால் சொல்ல முடியும்? ‘சால்ட்வாட்டர்’ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அது அஞ்சலட்டைப் படம்தான்.

முதல்வருகை

நான் டிரான்ஸ் இசைக்குப் புதியவள். இந்த இழையைப் படித்த பிறகு ‘பிக் ஸ்கை’யைக் கேட்க விரும்புகிறேன். எந்த வரிசையில் கேட்டால் நீங்கள் பேசும் வேறுபாடுகள் எனக்கும் புலப்படும்? ஸ்ட்ரீமிங் தளங்களில் சுருக்கப்பட்ட வடிவங்களும் நீண்ட வடிவங்களும் கலந்து கிடக்கின்றன.

ஒலிக்கூடம்

வணக்கம். சுருக்கப்பட்ட வடிவங்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் தாளப் பகுதிகள் வெட்டப்பட்டிருக்கும், பிரேக்டவுனுக்கு முன் காத்திருக்க வைக்கும் நேரம் இல்லாமல் போயிருக்கும். ஷியரின் ‘இன்ஃப்ளிக்‌ஷன்’ ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரு பாடலில் தொடங்கினால் ஆட்ரி கேலகரின் குரலை அதன் முதல் வாழ்விடத்தில் கேட்கலாம். பிறகு அக்னெல்லி - நெல்சனின் ‘ஹோல்டிங் ஆன்டு நத்திங்’. அதன் பின் ‘பிக் ஸ்கை’யின் மூல வடிவம், கடைசியில் ரீமிக்ஸ்.

ஹெட்போனில் கேட்பதானால் ஒலியளவை அளவோடு வையுங்கள். பேஸ் தெளிவாகக் கேட்பதற்குச் சற்றுப் பெரிய ஒலிபெருக்கி இருந்தால் நல்லது. கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸில் பாதி காணாமல் போகும், மரகதம் சொல்லும் மூல வடிவத்தின் நடையும் அதோடு சேர்ந்து போய்விடும்.

மரகதம்

வரிசையில் எனக்கு ஒரே ஒரு திருத்தம் உண்டு. ரீமிக்ஸைக் கேட்ட அன்றே மூலத்துக்குத் திரும்பாதீர்கள். சில நாள் கழித்து ‘சம்திங் டு லிவ் ஃபார்’ ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து முழுவதுமாகக் கேளுங்கள், ‘பிக் ஸ்கை’ அதன் இடத்தில் தானாக வரட்டும். அதற்குப் பிறகும் ரீமிக்ஸ்தான் பிடிக்கிறது என்றால் இங்கே வந்து எழுதுங்கள். சுழல்தட்டுவின் பக்கம் ஒரு வாக்கு கூடியது என்று வைத்துக்கொள்கிறோம்.